வியாழக்கிழமை நெஞ்சுவலி

ஹோம்புஷ், சிட்னி
பிப்ரவரி 9

அன்பு மகள் பரீனாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே நீ சுகமா என்பதை உன் ஆபீஸ் பரிசீலித்துக்கொண்டிருக்கிறது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போன மாதம் உன் வீட்டு விலாசம் கைக்கு அகப்படாமல் தொகுதி ஆபீஸுக்கே ஒரு கடிதம் போட்டேன். நேற்று பதில் வந்தது. கெட்டியான தாள், மேலே முத்திரை. அம்மா படித்துச் சொன்னாள். "மதிப்புக்குரிய திரு மைதீன், நீங்கள் எழுப்பிய பிரச்சினையை உறுப்பினர் மிகுந்த அக்கறையுடன் கவனிப்பார்." நான் எழுப்பிய பிரச்சினை, நீ காலையில் சாப்பிடுகிறாயா என்பது.

"பிரேம் போட்டு மாட்டுங்க, உங்களுக்கும் ஒரு மரியாதை வந்திருக்கு" என்கிறாள் அம்மா.

ஃபோனில் பேசலாம்தான். நான் சலாம் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் சபையில் மணி அடிக்கிறது, நீ "அத்தா, ஓட்டெடுப்பு" என்று ஓடுகிறாய். கடிதம் என்றால் டிராமில் படிப்பேன் என்று நீதான் சொன்னாய். எனக்கும் வேலை வேண்டும். மளிகைக் கடையை விற்றதிலிருந்து வீட்டில் என் பதவி என்னவென்று எனக்கே தெரியவில்லை. விசாவிலும் நான் உன் அம்மா, நர்ஸ் சபுராவுடைய இணைப்பாகத்தான் வந்தேன், இப்போதும் இணைப்புதான்.

எதிர் ஃபிளாட் கதிர்காமநாதன் குப்பைத் தொட்டி வைக்க வரும்போதெல்லாம் கேட்கிறார்: "ஹாஜா, உங்கட மகள் எப்ப மந்திரியாகப் போறா?" நான், "அவ காலையில சாப்பிடுறாளான்னே தெரியலை, மந்திரிக்கு எங்க போறது" என்றேன்.

கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். எடுக்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

துஆவுடன்,
அத்தா


மெல்பர்ன்
மார்ச் 2

அன்புள்ள அத்தாவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம். உங்கள் சர்க்கரை எப்படி இருக்கிறது? அம்மாவின் இடுப்பு?

அந்தப் பதிலுக்கு மன்னித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆபீஸில் தமிழ் தெரிந்தவர் பிரஷாந்தன் மட்டும்தான். அந்த வாரம் அவர் லீவு. தெரியாத மொழியில் எது வந்தாலும் அந்தப் பதிலைத்தான் அனுப்புவார்களாம். எனக்கே இப்போதுதான் தெரிந்தது. இந்தக் கடிதத்தில் இருக்கும் விலாசத்துக்கு எழுதுங்கள்.

காலையில் சாப்பிடுகிறேன். எங்கே, எப்போது என்று கேட்காதீர்கள். நேற்று ஒரு தீயணைப்பு நிலையத் திறப்பு விழாவில் நின்றபடி ஒரு வாழைப்பழம். அதற்கு முன் வேலி தகராறு ஒன்று, பக்கத்து வீட்டு மரம் ஒன்று, விசா தாமதம் நான்கு. எல்லோருக்கும் "பார்க்கிறேன்" என்கிறேன். இந்த இரண்டு வருஷத்தில் நான் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான்.

ஒன்றைப் பற்றி மட்டும் அப்படிச் சொல்லவில்லை. ஞாபகம் இருக்கிறதா, தேர்தலுக்கு முன் நீங்கள் நோட்டீஸ் கொடுக்க வந்த அன்று, எங்கள் ஆஸ்பத்திரியின் பிரசவப் பிரிவு வாசலில் வயிறும் பிள்ளையுமாகப் பெண்கள் நின்றார்கள். "நான் இருக்கும்வரை இதை மூட விடமாட்டேன்" என்று பால் பெட்டி மேல் ஏறி நின்று சொன்னேன். இப்போது அதை மூடி, நாற்பது நிமிஷத் தூரத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்க்கப் போவதாகக் கட்சிக்குள்ளேயே பேச்சு. சேர்க்கும் மசோதாவை எங்கள் ஆட்கள்தான் கொண்டுவருகிறார்கள்.

பேச்சுதான். நீங்கள் கவலைப்படாதீர்கள்.

இருவருக்கும் என் சலாம்,
பரீனா


ஹோம்புஷ்
மார்ச் 11

அன்பு மகளே, அஸ்ஸலாமு அலைக்கும். சர்க்கரை நான் சொன்னபடி கேட்கிறது, இறங்கு என்றால்தான் கேட்பதில்லை. அம்மாவின் இடுப்பு அவளுடைய பேச்சைப் போல, வலுவாக இருக்கிறது.

பால் பெட்டி ஞாபகம் இருக்கிறது. அதை ஆடாமல் பிடித்துக்கொண்டது நான்தான். உன் அரசியல் வாழ்க்கையில் என் பங்களிப்பு அது. இன்னொன்றும் உண்டு: நீ சபையில் முதன்முதலாகப் பேசிய அன்று பார்வையாளர் மாடியில் உட்கார்ந்து கைதட்டினேன். கோட்டுப் போட்ட ஒருவர் வந்து, இங்கே தட்டக்கூடாது என்றார். நான் "ஸாரி, எங்க பிள்ளை" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "அப்போ மெதுவா" என்றார்.

மூடுவார்களா, மூட மாட்டார்களா என்று எனக்கு எழுது. நான் பத்தாவதை இரண்டாம் தடவையில் தேறியவன், யோசனை சொல்லும் யோக்கியதை கிடையாது. ஆனால் அந்த வாசலில் நின்ற ஒரு பெண், பேர் தெரியாது, நோட்டீஸ் வாங்கும்போது "இது உங்க மகளா?" என்று கேட்டாள். ஆமா என்றேன். அதிலிருந்து அந்தப் பேச்சில் எனக்கும் கொஞ்சம் பொறுப்பு வந்துவிட்ட மாதிரி இருக்கிறது.

நோன்பில் தண்ணீர் நிறையக் குடி, திறந்த பிறகு.

உன் நலம் கேட்கும்
அத்தா


மெல்பர்ன்
ஏப்ரல் 20

அன்புள்ள அத்தாவுக்கு, சலாம். பெருநாளுக்கு வர முடியவில்லை, இந்தக் கடிதமும் தாமதம். இரண்டுக்கும் கோபிக்க மாட்டீர்கள் என்பதுதான் எனக்குக் கஷ்டம். அம்மா திட்டினாள், அது நன்றாக இருந்தது.

மூடத்தான் போகிறார்கள். மசோதா ஜூனில் வருகிறது. போன வாரம் கட்சிக் கொறடா கூப்பிட்டார். நல்ல மனிதர், கத்துவதில்லை. "எதிர்த்து ஓட்டுப் போட்டால் அடுத்த தேர்தலுக்கு உனக்கு சீட் இல்லை, அது என் கையில் இல்லை" என்றார். பிறகு, "வீட்டில் எல்லோரும் சௌக்கியமா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு ஒரு அர்த்தம் உண்டு. இங்கே பழைய வழக்கம் ஒன்று. எங்களில் ஒருவருக்கு வீட்டில் துக்கமோ நோயோ வந்து சபைக்கு வர முடியாவிட்டால், எதிர்த்தரப்பிலும் ஒருவர் ஓட்டுப் போடாமல் வெளியே இருந்துவிடுவார். ஜோடி கொடுப்பது என்று சொல்வோம். கணக்கு சமமாகிவிடும். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். எழுதி வைத்த சட்டம் இல்லை, வார்த்தையை நம்பி நடப்பது. எவ்வளவு சண்டையிலும் இந்த ஒன்றில் யாரும் பொய் சொன்னதில்லை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள்.

"வீட்டில் யாருக்காவது முடியாமல் இருந்தால் சொல், ஜோடி வாங்கித் தருகிறேன். நீ ஓட்டும் போட வேண்டாம், சீட்டும் போகாது" என்றார் கொறடா. எல்லோரும் சுகம் என்றேன். "அல்ஹம்துலில்லாஹ் என்று நீங்கள் சொல்வீர்கள் இல்லையா?" என்றார். ஆமாம் என்றேன்.

அத்தா, எனக்கு முப்பத்தாறு வயது. அறுபது மாதிரி இருக்கிறது. படுத்தால் தூக்கம் வருகிறது, எழுந்தால் போகமாட்டேன் என்கிறது.

உங்கள் மாத்திரையை மறக்காதீர்கள்.
பரீனா


ஹோம்புஷ்
ஏப்ரல் 27

அன்பு மகளே, அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அம்மாவிடம் காட்டவில்லை.

எந்தக் கிழமை என்று மட்டும் சொல்.

என்னிடம் சரக்கு நிறைய இருக்கிறது. முதலில் சர்க்கரை. ஆனால் அது செல்லாது, சர்க்கரை இல்லாத நம்ம ஆளைத்தான் இங்கே டாக்டர் சந்தேகமாகப் பார்க்கிறார். முழங்கால் வலி. அதற்கு எந்தக் கொறடாவும் இரங்க மாட்டார். மூலம் இருக்கிறது, ஆனால் பார்லிமெண்டில் சொல்ல உனக்குக் கூச்சமாக இருக்கும். ஆகவே நெஞ்சுவலி. அதற்குத்தான் எல்லா ஊரிலும் மரியாதை. கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும், வசனம் கூடக் கிடையாது. பள்ளிக்கூட நாடகத்தில் எனக்குப் பிணம் வேஷம் கொடுத்தார்கள், தும்மாமல் முடித்தேன்.

நீ பொய் சொன்னதாகாது. "அத்தாவுக்கு நெஞ்சுவலியாம்" என்று சொல்வாய். நான் உன்னிடம் அப்படித்தானே சொல்லியிருப்பேன். பாவம் என் கணக்கில் எழுதப்படும், அங்கே ஏற்கெனவே பக்கம் நிறைந்துதான் கிடக்கிறது, மூலையில் எழுதிக்கொள்வார்கள்.

வேடிக்கையாக எழுதினாலும் யோசித்துத்தான் எழுதுகிறேன். இரண்டரை வருஷம் ஓடி ஓடி நீ சம்பாதித்த இடம். ஒரே ஒரு மத்தியானத்தில் போகவேண்டுமா? சபையில் இருந்தால்தானே நாளைக்கு இன்னொன்றுக்காவது நிற்கலாம்.

கதிர்காமநாதன் கேட்டார். மந்திரி பதவியை யோசித்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லிவைத்தேன்.

பதில் எழுது. சாப்பிடு.
அத்தா


மெல்பர்ன்
ஜூன் 1

அன்புள்ள அத்தாவுக்கு, சலாம். இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. பிரஷாந்தன் ஒரு ஹீட்டர் கொண்டுவந்து என் மேஜைக்குக் கீழே வைத்திருக்கிறார். அம்மா அனுப்பிய பருப்புப் பொடி வந்தது. தினமும் சாப்பிடுகிறேன், உண்மையாக.

நீங்கள் எழுதியதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

ஓட்டெடுப்பு ஜூன் 12, வியாழக்கிழமை மத்தியானம்.

பரீனா


ஹோம்புஷ்
ஜூன் 19

பரீனாவுக்கு அம்மா. சலாம். நான் சுகம், உன் அத்தாவும் இப்போது பரவாயில்லை. நேற்று எழுந்து நடந்தார். உப்பில்லாத கஞ்சியைப் பார்த்து, "இதுக்கு நான் என்ன தப்பு பண்ணினேன்" என்று கேட்டார்.

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. ஃபோனில் சொல்லலாம் என்றால் அவர் பக்கத்திலேயே படுத்திருக்கிறார். நீ வந்து இரண்டு நாள் அவர் காலடியில் உட்கார்ந்திருந்தாய். அவரும் பேசவில்லை, நீயும் பேசவில்லை. நான் கண்டதை எழுதுகிறேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். ரயிலுக்குப் போகலாம் என்று ஸ்டேஷன் வாசலுக்குப் போனோம். பெஞ்சில் உட்கார்ந்தார். "கேஸ்தான், கொஞ்சம் இரு" என்றார். வேர்வை. கையைப் பிடித்துப் பார்த்தேன். முப்பது வருஷமாகப் பார்க்கிற நாடி, எது கேஸ் எது இல்லை என்று எனக்குத் தெரியாதா? ஆம்புலன்ஸில் வயர் மாட்டினதும் திரையில் ஓடின கோட்டை நானே படித்தேன். பெரிய அட்டாக். மத்தியானத்துக்குள் இரண்டு ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள்.

ஆம்புலன்ஸில் என் கைப்பிடியை விடவே இல்லை. "பரீனாகிட்ட சொல்லாதே. இன்னைக்குச் சொன்னா அவ நம்ப மாட்டா" என்றார். அதையே மூன்று தடவை சொன்னார். சாகக் கிடக்கிறவர் கலிமா சொல்வார் என்று பார்த்தால் இதைச் சொல்கிறார். நான் கேட்கவில்லை. அவரை உள்ளே கொண்டுபோனதும் உன் ஆபீஸுக்கு ஃபோன் போட்டு அந்தத் தம்பியிடம் சொன்னேன்.

அத்தா நெஞ்சுவலி என்றால் பெற்ற பிள்ளை ஏன் நம்ப மாட்டாள்? உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என்ன நடந்தது? எனக்குச் சொல்ல வேண்டாம். ஆனால் இரண்டு பேரும் சரி பண்ணிக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு நோயாளி போதும்.

அம்மா


மெல்பர்ன்
ஜூலை 20

அன்புள்ள அத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நடக்கிறீர்களா? படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா? அம்மாவிடம் தினமும் கேட்கிறேன், இருந்தாலும் உங்களிடம் கேட்க வேண்டும்.

ஒரு மாதமாக எழுத உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறேன்.

மசோதா மூன்று ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறிவிட்டது. நான் எங்கள் வரிசையிலிருந்து எழுந்து எதிர்ப் பக்கம் போய் உட்கார்ந்து எதிர்த்து ஓட்டுப் போட்டும். பிரசவப் பிரிவு டிசம்பரில் மூடப்படுகிறது. சீட் கிடையாது என்று கட்சியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. மதிப்புக்குரிய என்றுதான் தொடங்குகிறது. அடுத்த தேர்தலோடு முடிந்தது. இதெல்லாம் பரவாயில்லை. நான் எழுத வந்தது வேறு.

அன்று சபையில் விவாதம் நடந்துகொண்டிருந்தபோது பிரஷாந்தன் ஒரு சீட்டு கொடுத்தனுப்பினார். "அக்கா, உங்கட அம்மா எடுத்தவா. அப்பாவுக்கு நெஞ்சு நோவாம். ஆஸ்பத்திரியில." கொறடா தூரத்திலிருந்து பார்த்தார். எழுந்து கிட்டே வந்து, "வீட்டிலிருந்தா?" என்றார். சீட்டை மடித்தேன். "ஒன்றுமில்லை, எல்லோரும் சுகம்" என்றேன்.

நீங்கள் எனக்காக நடிக்கிறீர்கள் என்று நினைத்தேன், அத்தா. கோபம் வந்தது. உங்கள் மேல் இல்லை. வேண்டாம் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம், எழுதவில்லை. அதற்குப் பதிலாகத் தேதியை எழுதினேன். ஏன் எழுதினேன் என்று உங்களுக்கும் தெரியும். பயந்துபோய் உங்களிடம் கேட்டேன், நீங்கள் கொடுத்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். அந்த வெட்கத்தில்தான் வெளியே போகாமல் சபையிலேயே இருந்தேன். ஓட்டுப் போட்டுவிட்டு, வாசலில் நின்ற பெண்களிடம் பேசிவிட்டு, அதன் பிறகுதான் அம்மாவைக் கூப்பிட்டேன்.

பேப்பரில் என்னைத் தைரியசாலி என்று எழுதினார்கள். நான் சீட்டை மடித்த நேரம் உங்களுக்கு நெஞ்சில் கம்பி வைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் சுகம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு அது மட்டும்தான் கேட்கிறது.

அன்று ஏன் உடனே வரவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பரீனா


ஹோம்புஷ்
ஜூலை 29

அன்பு மகளே, அஸ்ஸலாமு அலைக்கும். நடக்கிறேன். பார்க்கைச் சுற்றி ஒரு சுற்று. என்னைத் தாண்டி ஓடுகிறவர்கள் எல்லோரும் "குட் ஆன் யூ" என்கிறார்கள். வாழ்க்கையில் உட்கார்ந்து சாதித்தபோது யாரும் சொல்லவில்லை.

உன் கடிதத்தைப் படித்த பிறகு உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீ நினைத்தது சரி. நான் நடித்தேன்.

நீ தேதியை எழுதினாய், நான் புரிந்துகொண்டேன். காலையிலேயே ஆரம்பித்துவிட்டேன். ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் கையை நெஞ்சில் வைத்து உட்கார்ந்தேன். அம்மா பதறிவிட்டாள். முப்பது வருஷ நர்ஸ், அவளையே ஏமாற்றினேன் என்றால் என் திறமையைப் பார்த்துக்கொள். ஆம்புலன்ஸ், வயர், எல்லாம் வந்தது. இவ்வளவு தூரம் வந்த பிறகு "சும்மா" என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. உனக்குச் செய்தி வந்த நேரத்தில் எனக்கு ஒரு வலியும் கிடையாது. கட்டிலில் கால் மேல் கால் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். அசல் வலி அதற்கப்புறம், நீ ஓட்டுப் போட்டு முடித்த பிறகுதான் வந்தது. பொய் சொன்னவனை அல்லாஹ் கையோடு பிடித்துவிட்டான், ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பிடித்தது அவனுடைய கருணை.

ஆகவே நீ "எல்லோரும் சுகம்" என்று சொன்ன நேரத்தில் எல்லோரும் சுகம்தான். உன் அத்தாவை உனக்குத் தெரியும், அவ்வளவுதான் விஷயம். இதில் உன் மேல் ஒரு குற்றமும் இல்லை. அம்மாவிடம் இதைப் பேசாதே. அவளை ஏமாற்றினேன் என்று தெரிந்தால் கஞ்சியும் நின்றுவிடும்.

சீட் போன செய்தி கதிர்காமநாதனுக்கும் எட்டிவிட்டது. இந்தத் தடவை மந்திரியைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு டப்பா கத்தரிக்காய்க் கறி கொண்டுவந்தார். "ஹாஜா, என்ர பேத்தி அந்தப் பக்கம்தான் இருக்கிறா, மாசமா இருக்கிறா. உங்கட மகள் கத்தினது அவவுக்கும் சேர்த்துத்தான்" என்றார். கறியில் எண்ணெய் அதிகம், அம்மா எனக்குக் கொடுக்கவில்லை.

மூடுகிற பிரிவு மூடட்டும். நீ சொன்ன சொல்லை நீ மூடவில்லை. அந்த வாசலில் என்னிடம் கேட்ட பெண்ணை எங்காவது பார்த்தால், ஆமா, என் மகள்தான் என்று இன்னொரு தடவை சொல்வேன்.

துஆக்களுடன்,
அத்தா


மெல்பர்ன்
ஆகஸ்ட் 10

அன்புள்ள அத்தாவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம். ஒரு சுற்று போதும், இரண்டாவது வேண்டாம்.

நீங்கள் எழுதியதை நம்புகிறேன். அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. அம்மா ஜூனில் எனக்கு ஒரு கடிதம் எழுதினாள், பருப்புப் பொடி வைக்கும் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. அதில் உங்கள் நடிப்பைப் பற்றி விவரமாக எழுதியிருக்கிறாள். திரையில் ஓடிய கோட்டைக்கூட நீங்கள் நடிக்க வைத்திருக்கிறீர்கள்.

ஆஸ்பத்திரியில் மிட்வைஃப்களைப் போய்ப் பார்த்தேன். டிசம்பருக்குப் பிறகு வலி எடுக்கும் பெண்களை அந்த நாற்பது நிமிஷமும் யார் அழைத்துப் போவது என்று கேட்டார்கள். வண்டி ஏற்பாட்டுக்கு எழுதத் தொடங்கியிருக்கிறேன். பதவி இன்னும் ஒரு வருஷம் சொச்சம் இருக்கிறது. "பார்க்கிறேன்" என்று சொல்லவில்லை.

அடுத்த வாரம் சபை இருக்கிறது, ஆனாலும் வெள்ளிக்கிழமை சிட்னிக்கு வருகிறேன். கொறடாவிடம் ஜோடி கேட்டேன். யாருக்கு என்ன என்றார். அத்தாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். அன்றே சொல்லியிருக்க வேண்டியது.

இனிமேல் நீங்கள் நடித்தாலும் வருவேன், அத்தா.

பரீனா